தாமிரத் தாதுவுக்குள் சிக்கிய பழைய உப்புநீரை அளப்பது எப்படி: களம் முதல் கணக்கு வரை முழுமையான வழிகாட்டி

ஜாம்பியாவுக்கும் காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கும் இடையே நீளும் காப்பர்பெல்ட், போலந்தின் லூபின், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வைட் பைன் ஆகிய இடங்களில் தாமிரம் படிவுப் பாறைக்குள் அடுக்கோடு அடுக்காகக் கிடக்கிறது. சிவப்பு மணற்கல்லுக்குள் ஊறி நகர்ந்த வெந்நீர் போன்ற உப்புநீர்தான் அதைச் சுமந்துவந்தது. அந்த நீரில் சில துளிகள், அப்போது வளர்ந்துகொண்டிருந்த குவார்ட்ஸ், டோலமைட் படிகங்களுக்குள் மாட்டிக்கொண்டு இன்றும் இருக்கின்றன. இவைதான் ஃப்ளூயிட் இன்க்ளூஷன்கள். பெரும்பாலும் 5 முதல் 15 மைக்ரான் அளவு. ஒரு நீர்த்துளி, அதற்குள் ஒரு குமிழி.

அவற்றைச் சூடாக்கியும் உறையவைத்தும் அந்த நீரின் வெப்பநிலையையும் உப்பளவையும் கண்டுபிடிப்பதற்கான வழிமுறை இது. சூடாக்கும்போது குமிழி மறையும் புள்ளி, நீர் சிக்கிய வெப்பநிலையின் கீழ்வரம்பைத் தரும்; உறைந்தபின் பனி உருகும் புள்ளி உப்பளவைத் தரும். கருவியை இயக்குவது சில நாட்களில் கைவந்துவிடும். புதியவர்கள் சறுக்குவது அதற்கு முன்னால்: எந்தத் துளியை அளக்கிறோம், அது தாமிரத்தோடு வந்த நீர்தானா என்று பார்க்காமலே அளக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால் 1 முதல் 4 வரையான படிகளுக்கு மொத்த நேரத்தில் பாதியை ஒதுக்குங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இருபுறமும் ஒளியூட்டக்கூடிய பெட்ரோகிராஃபிக் மைக்ராஸ்கோப் (ஊடுருவும் ஒளி, எதிரொளி இரண்டும்), தொலைவிலிருந்து குவிக்கும் 50 மடங்கு லென்ஸ், -196 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை செல்லும் ஹீட்டிங்-ஃப்ரீஸிங் ஸ்டேஜ் (மைக்ராஸ்கோப்பின் கீழேயே மாதிரியைச் சூடாக்கி, குளிரவைக்கும் மேடை), திரவ நைட்ரஜன், மெதுவாகச் சுற்றும் வைர ரம்பம், அசிட்டோன், சயனோஅக்ரிலேட் பசை. கேத்தோடோலூமினசென்ஸ் (எலக்ட்ரான் கற்றை பட்டுப் படிகம் ஒளிர்வதைப் பார்க்கும் முறை) வசதி கிடைத்தால் விடாதீர்கள். ராமன் கருவியும் (லேசர் ஒளிச்சிதறலால் குமிழியிலுள்ள வாயுவை அடையாளம் காண்பது) லேசர் ஐசிபி-எம்எஸ்ஸும் (லேசரால் இன்க்ளூஷனைத் திறந்து தனிமங்களை அளப்பது) பிறகு தேவைப்படலாம். முதல் நாளே வேண்டியதில்லை.

கீழே எல்லா வெப்பநிலைகளும் செல்சியஸில்.

1. சிவப்பிலிருந்து சாம்பல் வரை ஒரு கோடாக மாதிரி எடுங்கள்

இவ்வகைத் தாதுவின் அமைப்பு ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். கீழே ஹெமடைட் நிறைந்த, ஆக்சிஜனேற்றம் பெற்ற சிவப்பு மணற்கல். மேலே கரிமப்பொருளோ பைரைட்டோ உள்ள சாம்பல் அல்லது கருப்பு ஷேல் (களிமண் இறுகிய பாறை). இரண்டும் சந்திக்கும் எல்லையில் தாமிரம். எல்லையைக் கடந்து உள்ளே போகப்போக ஹெமடைட், சால்கோசைட், போர்னைட், சால்கோபைரைட், பைரைட் என்று கனிமங்கள் வரிசையாக மாறும்.

அந்த வரிசையை முழுவதும் வெட்டிச்செல்லும் துளைக்கருவை (துளையிட்டு எடுத்த உருளைப் பாறை) தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் குறைந்தது ஒரு மாதிரி, தாது தொடங்கும் எல்லையில் மட்டும் நெருக்கமாக மூன்று நான்கு. தாது நிறைந்த பகுதியில் மட்டும் பத்து மாதிரி எடுத்தால், நீர் எங்கிருந்து வந்து எங்கே மாறியது என்பதைக் காட்ட ஒப்பிடுவதற்கு எதுவும் இருக்காது.

மலகைட்டின் பச்சை தெரிகிற துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள். மழைநீர் இறங்கித் தாதுவை மாற்றிய பகுதி அது. காப்பர்பெல்ட்டில் இந்த மாற்றம் நூறு மீட்டரைத் தாண்டியும் இறங்கியிருப்பது சகஜம் என்பதால், ஆழத்தை மட்டும் நம்பாமல் கனிமத்தைப் பாருங்கள்.

எடுத்த உடனே துண்டின் மேல் மேல்-கீழ் அம்பு, துளை எண், ஆழம் மூன்றையும் எழுதிவிடுங்கள். ரம்பத்துக்குப் போனபின் எது மேல்பக்கம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

2. முதலில் கனிமங்களின் வயது வரிசை, இன்க்ளூஷன் பிறகு

30 மைக்ரான் தடிப்புள்ள சாதாரண மெருகிட்ட தின் செக்‌ஷன் (கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய பாறைச் சீவல்) செய்து, எதிரொளியில் சல்ஃபைடுகளையும் (உலோகம் கந்தகத்தோடு சேர்ந்த கனிமங்கள்) ஊடுருவும் ஒளியில் குவார்ட்ஸ், கார்பனேட்டையும் பாருங்கள். எது எதை வெட்டுகிறது, எது எதைச் சூழ்ந்து வளர்ந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

இது ஏன் முதலில் வேண்டும்? தாமிர சல்ஃபைடுகள் ஒளி புகாதவை. சால்கோபைரைட்டும் போர்னைட்டும் அகச்சிவப்பு மைக்ராஸ்கோப்பிலும் கருப்பாகவே நிற்கும். ஆகவே தாதுவுக்குள் இருக்கும் நீரை நேரடியாகப் பார்க்க முடியாது. கூடவே வளர்ந்த குவார்ட்ஸையோ டோலமைட்டையோ சாட்சிக்கு அழைக்கிறோம். அந்தச் சாட்சி சம்பவ இடத்தில் இருந்ததா என்பதை நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது.

நம்பத்தக்க அடையாளங்கள் இவை: குவார்ட்ஸின் வளர்ச்சி வளையம் ஒன்றுக்குள்ளேயே போர்னைட் துகள்கள் சிக்கியிருப்பது, குவார்ட்ஸ் முகமும் சால்கோபைரைட் முகமும் ஒன்றையொன்று அரிக்காமல் நேர்கோட்டில் சந்திப்பது. 'அருகருகே இருக்கின்றன' என்பது அடையாளம் ஆகாது. ஒரே வெயினுக்குள் (பாறை விரிசலை நிரப்பிய கனிமக் கோடு) இருந்தாலும் குவார்ட்ஸ் முதலில் வந்து, அதன் விரிசலில் சல்ஃபைடு பிறகு புகுந்திருக்கலாம். கேத்தோடோலூமினசென்ஸ் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இது பளிச்சென்று தெரிந்துவிடும்.

காங்கோவின் கடாங்கா பகுதி இதற்கு நல்ல பாடம். அங்கே கமோடோ, லுயிஸ்விஷி தாதுக்களில் இரண்டு தலைமுறை சல்ஃபைடுகள் உள்ளன. முதலாவது, பாறைக்குள் நுண்துகளாகவும் பழைய உப்புப்பாறை முடிச்சுகளின் இடத்திலும் அமைந்தது. அதோடு வளர்ந்த குவார்ட்ஸில் 115 முதல் 220 டிகிரி, உப்பு 11 முதல் 21 சதவீதம். இரண்டாவது, லுஃபிலியன் மலையாக்கக் காலத்தில் (அப்பகுதிப் பாறைகள் நெருக்கப்பட்டு மலையான காலம்) வெயின்களிலும் உடைபாறையிலும் பருமனாக வளர்ந்தது. 270 முதல் 385 டிகிரி, உப்பு 35 முதல் 45 சதவீதத்துக்குச் சற்று மேல். வெயின் குவார்ட்ஸ் பெரிது, தெளிவு, அளக்கச் சுகம். அதை மட்டும் அளந்தவர், தாமிரம் முழுவதும் 300 டிகிரியில் வந்தது என்று எழுதிவிடுவார்.

3. வேஃபர் செய்வது: சூடு ஏறாமல்

இன்க்ளூஷன் பார்க்க இருபுறமும் மெருகிட்ட, 80 முதல் 150 மைக்ரான் தடிப்புள்ள வேஃபர் (மெல்லிய பாறை வில்லை) வேண்டும். படிவுப் பாறைக் குவார்ட்ஸ் பெரும்பாலும் மங்கலாகவும் பொடியாகவும் இருக்கும். அதற்கு 60 முதல் 80 வரை மெலிதாக்குங்கள். 30 மைக்ரானுக்கு இறக்கினால் பெரிய இன்க்ளூஷன்கள் பாதி வெட்டுப்பட்டுவிடும்.

முறை இதுதான். நீர் பாய்ச்சியபடி மெதுவான ரம்பத்தில் வில்லை அறுங்கள். ஒரு முகத்தை 600, 1000 எண் சிலிக்கன் கார்பைடு பொடியில் தேய்த்து, 3 மைக்ரான், 1 மைக்ரான் வைரப் பசையில் மெருகிடுங்கள். மெருகிட்ட முகத்தைக் கண்ணாடியில் சயனோஅக்ரிலேட் வைத்து ஒட்டி, மறுபக்கத்தையும் அப்படியே செய்யுங்கள். பிறகு இரவு முழுவதும் அசிட்டோனில் ஊறவிட்டால் வேஃபர் தானாகக் கழன்றுவரும்.

இங்கே நடக்கும் தவறு, ஒட்டுவதற்கு ஹாட் பிளேட்டைப் பயன்படுத்துவது. தின் செக்‌ஷன் கூடத்தில் வழக்கமாகச் சூடாக்கித்தான் எபாக்ஸியை இறுகவைப்பார்கள். அளக்கப்போகும் இன்க்ளூஷன் 120 டிகிரியில் குமிழியை இழக்கக்கூடியது. கால்சைட்டில் இருந்தால் அதற்கும் சற்று மேலேயே சுவர் நெகிழ்ந்துவிடும். நெகிழ்ந்த இன்க்ளூஷன் எப்போதும் உண்மையைவிடக் கூடுதலான வெப்பநிலையைக் காட்டும். கூடத்தில் வேலையைக் கொடுக்கும்போது 'எந்தக் கட்டத்திலும் சூடு வேண்டாம்' என்று எழுதியே கொடுங்கள். அல்ட்ராசோனிக் குளியலும் வேண்டாம்.

பாரைட்டில் உள்ள இன்க்ளூஷன்களை எண்ணுக்காக நம்பாதீர்கள். எளிதில் பிளவுபடும் கனிமம், கசிந்திருக்கும்.

4. வரைபடம் போடுங்கள், கூட்டமாகப் பிரியுங்கள்

நீண்ட நேரம் எடுக்கும் படி இதுதான், அதற்குத் தகுதியானதும்கூட. வேஃபரைக் குறைந்த பெருக்கத்தில் முழுவதும் படம் எடுத்து, பெரிதாக அச்சிட்டு, இன்க்ளூஷன்களை அதன்மேல் குறியுங்கள்.

அளவெடுக்கும் அலகு தனி இன்க்ளூஷன் அல்ல, கூட்டம். ஒரே வளர்ச்சி வளையத்தில் அமைந்தவை ஒரு கூட்டம் (முதன்மை). படிகம் வளர்ந்தபின் விரிசல்விட்டு, அந்த விரிசல் ஆறும்போது ஒரே தளத்தில் சிக்கியவை வேறொரு கூட்டம் (இரண்டாம் நிலை). விரிசல் ஒரு வளர்ச்சி வளையத்தோடு நின்றுவிட்டால், படிகம் வளர்ந்துகொண்டிருந்தபோதே உடைந்து ஆறியது என்று பொருள் (போலி இரண்டாம் நிலை). அதுவும் முதன்மைக்கு நிகரான சாட்சி. விரிசல் பல படிகங்களைக் கடந்து ஓடினால், தாதுவுக்குப் பிந்தைய நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கும் சேராமல் தனியாக நிற்கும் பெரிய, அழகான இன்க்ளூஷன் எல்லோரையும் இழுக்கும். அதைப் பதிவு செய்யுங்கள், முடிவுக்குப் பயன்படுத்தாதீர்கள். எந்த நீர் என்று சொல்ல முடியாத எண் அது.

ஒரே கூட்டத்துக்குள் குமிழியின் பங்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் குமிழி 5 சதவீதம், பக்கத்தில் 40 சதவீதம் என்றால் நெக்கிங் நடந்திருக்கலாம்: நீண்ட இன்க்ளூஷன் ஒன்று குமிழி தோன்றியபின் இடையில் குறுகி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதிக்குக் குமிழி, மறு பாதிக்கு நீர் என்று போய்விட்டது. வால் நீண்ட வடிவங்கள் இதன் அறிகுறி. அந்தக் கூட்டத்தை விட்டுவிடுங்கள்.

குமிழியே இல்லாத, நீர் மட்டும் உள்ள கூட்டம் வந்தால் மட்டமாக நினைக்காதீர்கள். சுமார் 50 டிகிரிக்குக் கீழே சிக்கிய நீரில் குமிழி தோன்றாமலே இருக்கலாம். படுகை புதையத் தொடங்கிய காலத்து நீர் அப்படித்தான் இருக்கும்.

5. ஸ்டேஜைச் சரிபாருங்கள்

மூன்று புள்ளிகள் போதும்: செயற்கையாகச் செய்த குவார்ட்ஸ் இன்க்ளூஷன்களில் கார்பன் டை ஆக்சைடு உருகும் -56.6, தூய நீரின் பனி உருகும் 0.0, தூய நீரின் மாறுநிலை (நீர், ஆவி வேறுபாடு மறையும் புள்ளி) 374.1. வேலை தொடங்கும் ஒவ்வொரு வாரமும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

வேஃபரை 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத துண்டுகளாக உடைத்து, ஸ்டேஜின் நடுவில் வையுங்கள். விளிம்பில் வைத்த துண்டு, கருவி காட்டும் வெப்பநிலையில் இருக்காது. வறண்ட நைட்ரஜனை உள்ளே ஓடவிடாவிட்டால் உறையவைக்கும்போது ஜன்னலில் பனி படிந்து ஒன்றும் தெரியாது. சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும்.

6. முதலில் சூடாக்குங்கள்

சூடாக்குவதா, உறையவைப்பதா, எது முன்னே என்பதில் புதியவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். நீர் பனியாகும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் பெருகும். சிறிய குமிழி உள்ள இன்க்ளூஷனில் அந்த விரிவுக்கு இடம் போதாமல் சுவர் நெகிழும். அதனால், குமிழி மறையும் வெப்பநிலையை முதலில் எடுத்துவிடுங்கள். குறைந்த வெப்பத்தில் மறைபவை தொடங்கி மேலே செல்லுங்கள். மறைந்தபின் தேவைக்கு மேல் ஒரு டிகிரியும் ஏற்றாதீர்கள்.

பத்து மைக்ரானுக்குக் குறைந்த இன்க்ளூஷனில் குமிழி எப்போது மறைந்தது என்று கண்ணால் பிடிக்க முடியாது. மூலையில் நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும். சைக்ளிங் முறையைப் பயன்படுத்துங்கள். 150 டிகிரிக்கு ஏற்றி, சட்டென்று இறக்குங்கள். குமிழி உடனே தெரிந்து படிப்படியாகப் பெரிதானால், அது மறைந்திருக்கவே இல்லை. அடுத்து 155, பிறகு 160. ஒரு கட்டத்தில் இறக்கும்போது நெடுநேரம் ஒன்றும் தோன்றாமல், பல பத்து டிகிரி குளிர்ந்தபின் திடீரென்று குதித்துக்கொண்டு குமிழி வரும். அப்படியானால் மறைந்தது 155-க்கும் 160-க்கும் இடையில். ஒரே கூட்டத்தில் உள்ள பல இன்க்ளூஷன்களை ஒரே ஓட்டத்தில் இப்படிப் பார்த்துவிடலாம்.

கூட்டத்தில் 90 சதவீத அளவுகள் 10 முதல் 15 டிகிரி இடைவெளிக்குள் அடங்கினால் அந்தக் கூட்டம் கெடாமல் இருக்கிறது. 110 முதல் 240 வரை சிதறினால் சராசரி போடாதீர்கள். சராசரி என்பது எந்த நீருக்கும் சொந்தமில்லாத ஓர் எண்.

சாதாரண அறை வெப்பத்திலேயே கனசதுர உப்புப் படிகம் தெரிந்தால் உப்பு 26 சதவீதத்துக்கு மேல். அந்தப் படிகம் கரையும் வெப்பநிலையைக் குறியுங்கள்: 250-ல் கரைந்தால் உப்பு சுமார் 34.7 சதவீதம், 300-ல் கரைந்தால் 38.2. கூட்டத்தில் ஒன்றிரண்டில் மட்டும் உப்புப் படிகம் இருந்து மற்றவற்றில் இல்லையென்றால், அது வெளியிலிருந்து திடமாகவே சிக்கிய துகள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

7. பிறகு உறையவையுங்கள்

-100 டிகிரிக்கு இறக்குங்கள். கால்சியம் மிகுந்த நீர் அப்போதும் உறைய மறுக்கும்; -120, -150 என்று போய், மெதுவாகச் சூடேற்றும்போதுதான் படிகம் கட்டும். உறைந்துவிட்டதா என்ற சந்தேகம் இருந்தால் குமிழியைப் பாருங்கள்: உறைந்த இன்க்ளூஷனில் அது நசுங்கியோ காணாமலோ போயிருக்கும்.

நிதானமாக ஏற்றும்போது மூன்று நிகழ்வுகளைக் குறிக்க வேண்டும்.

முதல் உருகல்: உறைந்த திரள் ஈரமாகி நெகிழத் தொடங்கும் இடம். -21.2 அருகே என்றால் சோடியம் குளோரைடு மட்டும். -52 அருகே என்றால் சோடியத்தோடு கால்சியம் குளோரைடும். -35 அருகே என்றால் மக்னீசியம். சிறிய இன்க்ளூஷனில் இதைப் பிடிப்பது கடினம். சந்தேகமானால் 'சுமார்' என்று எழுதுங்கள்.

ஹைட்ரோஹேலைட் (உப்பும் நீரும் சேர்ந்த படிகம்) மறைவது: சிறு மணிகளாக, சுற்றியுள்ள நீரைவிடத் தூக்கலாகத் தெரியும், மந்தமாகக் கரையும். பனி உருகுவது: உருண்டையான, மங்கலான விளிம்புள்ள தெளிந்த படிகங்கள். இரண்டையும் மாற்றிக் குறிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. கடைசிப் பனித்துகளுக்கும் சைக்ளிங் செய்யலாம்: -16-க்கு ஏற்றி இறக்கும்போது அதே இடத்திலிருந்து பனி உடனே வளர்ந்தால் துகள் மிஞ்சியிருக்கிறது.

குமிழி இல்லாத இன்க்ளூஷனை அப்படியே உறையவைத்து அளந்தால் பனி தவறான வெப்பநிலையில், சில சமயம் 0-க்கு மேலும், உருகும். இங்கே மட்டும் வேண்டுமென்றே மிகைச் சூடு கொடுத்துச் சுவரை நெகிழவைத்துக் குமிழியை உண்டாக்கி, பிறகு உறையவையுங்கள். உப்பளவு கெடாது. ஆனால் அந்தத் துண்டில் சூடாக்கும் அளவு எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

பனி போனபின்னும் ஏதோ ஒன்று உருகாமல் நின்று 0-க்கு மேல் மறைந்தால், குமிழிக்குள் மீத்தேன் போன்ற வாயு இருக்கக்கூடும். ராமனில் சரிபாருங்கள். கரிம ஷேலுக்கு அருகே எடுத்த மாதிரிகளில் ஒளிர்வு அதிகமாகி ராமன் பயனற்றுப் போவதும் உண்டு. லேசர் அலைநீளத்தை மாற்றிப் பாருங்கள்.

8. உப்பளவுக் கணக்கு

பனி -21.2 வரைக்குள் உருகியிருந்தால், சோடியம் குளோரைடுக்குச் சமமான நிறை சதவீதம்:

உப்பு = 1.78அ − 0.0442அ² + 0.000557அ³

'அ' என்பது உறைநிலை இறக்கம், குறி நீக்கிய எண். பனி -5.0-ல் உருகினால் 7.9 சதவீதம், -10.0 என்றால் 13.9, -15.0 என்றால் 18.6.

பனி -28-ல் உருகியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணையும் இதே சூத்திரத்தில் போட்டு விடை எடுத்த அட்டவணைகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. சோடியம் குளோரைடு மட்டும் உள்ள நீரில் பனி -21.2-க்குக் கீழே உருகவே முடியாது. கணக்கு அங்கே 23.2 சதவீதத்தோடு முடிகிறது. -28 என்பதே கால்சியமோ மக்னீசியமோ இருக்கிறது என்ற சான்று. ஹைட்ரோஹேலைட், பனி இரண்டின் உருகுநிலைகளையும் வைத்து, நீர்-சோடியம் குளோரைடு-கால்சியம் குளோரைடு முக்கோண வரைபடத்தில் கணக்கிடுங்கள்.

9. அழுத்தத் திருத்தம்

குமிழி மறையும் வெப்பநிலை, நீர் சிக்கிய வெப்பநிலையின் கீழ்வரம்பு மட்டுமே. புதைந்த ஆழத்தின் அழுத்தத்தைச் சேர்த்தால்தான் உண்மை எண் வரும். இந்த உப்பளவுக்கும் 150 டிகிரி சுற்றளவுக்கும், ஒவ்வொரு 10 மெகாபாஸ்கலுக்கும் ஏறக்குறைய 5 முதல் 8 டிகிரி கூடும்.

3 கிலோமீட்டர் ஆழத்தில் நீர்த்தம்ப அழுத்தம் (மேலுள்ள நீரின் எடை மட்டும்) என்றால் சுமார் 30-35 மெகாபாஸ்கல், திருத்தம் 20 டிகிரிச் சொச்சம். பாறைப் பாரம் முழுவதும் என்றால் சுமார் 77 மெகாபாஸ்கல், திருத்தம் 50 டிகிரியை ஒட்டி. இரண்டையும் போட்டு எல்லையாகக் கொடுங்கள். குமிழியில் மீத்தேன் செறிந்திருந்தால் திருத்தம் மிகச் சிறியது. சில சமயம் தேவையே இல்லை. ராமன் பார்க்காமல் பெரிய திருத்தம் போடுவது அதனால்தான் ஆபத்து.

10. உப்பு எங்கிருந்து வந்தது?

உப்பளவு 20 சதவீதம் என்பது மட்டும் மூலத்தைச் சொல்லாது. கடல்நீர் ஆவியாகிச் செறிந்ததா, பழைய உப்புப்பாறையை நிலத்தடி நீர் கரைத்ததா? குளோரின்-புரோமின் விகிதம் பிரித்துக்காட்டும். கடல்நீரில் மோலார் விகிதம் சுமார் 650. உப்புப்பாறை உருவாகும்போது புரோமின் பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடுவதால், ஹேலைட் (உப்புப்பாறையின் கனிமம், சோடியம் குளோரைடு) படிந்தபின் எஞ்சிய நீரில் விகிதம் குறையும். ஹேலைட்டைக் கரைத்த நீரில் ஆயிரங்களுக்கு ஏறும்.

அரைமில்லி முதல் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சுத்தமான குவார்ட்ஸ் மணிகளைப் பொறுக்கி, சல்ஃபைடை அமிலத்தில் நீக்கி, தூய நீரில் பலமுறை கொதிக்கவைத்துக் கழுவி, நொறுக்கிக் கரைத்து அயனி குரோமட்டோகிராஃபில் அளக்கலாம். இங்கே எல்லாத் தலைமுறை நீரும் ஒன்றாகக் கலந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. நான்காம் படியில் ஒரே கூட்டம் ஆதிக்கம் செலுத்துவதாகக் கண்ட மாதிரிகளை மட்டும் இதற்கு அனுப்புங்கள். தனித்தனி இன்க்ளூஷனாகப் பார்க்க லேசர் ஐசிபி-எம்எஸ் உண்டு. அதில் வரும் தாமிர அளவை எச்சரிக்கையோடு எடுங்கள். உயர்வெப்பத்தில் தாமிர அயனி குவார்ட்ஸ் சுவரையே ஊடுருவி உள்ளே புகும். பக்கத்துச் சல்ஃபைடு துகளும் சிக்னலில் கலக்கும்.

11. எண்ணைத் தாதுவோடு பொருத்துவது

இந்த வெப்பநிலைகளில் தாமிரம் குளோரைடோடு இணைந்தே நீரில் கரைந்து பயணிக்கிறது. அதற்கு உப்பும் வேண்டும், நீர் ஆக்சிஜனேற்ற நிலையிலும் இருக்க வேண்டும். கரைந்த சல்ஃபைடு இருந்தால் தாமிரம் நகராது. ஹெமடைட் நிறைந்த சிவப்பு மணற்கல் இதற்கு வசதி செய்கிறது. சாம்பல் ஷேலை அடைந்ததும் கரிமப்பொருள், பைரைட், ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகியவை நீரை ஒடுக்கி (ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான மாற்றம்), தாமிரத்தைச் சல்ஃபைடாக இறக்குகின்றன.

உங்கள் அளவு இதில் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். திருத்திய வெப்பநிலை 80-க்குக் கீழே என்றால் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றியது பாக்டீரியாவாக இருக்கலாம். 140-க்கு மேல் என்றால் பாக்டீரியாவுக்கு இடமில்லை. கரிமப்பொருள் வெப்பத்தாலேயே சல்ஃபேட்டை ஒடுக்கியிருக்க வேண்டும், அல்லது முன்பே இருந்த பைரைட் கந்தகம் கொடுத்திருக்க வேண்டும். கந்தக ஐசோடோப்பு அளவு இதற்குத் துணைச்சான்று.

அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே கூட்டத்தின் பெயர், தாங்கும் கனிமம், முதன்மையா இரண்டாம் நிலையா, எந்தச் சல்ஃபைடோடு தொடர்பு, எந்தப் படத்தில் அது தெரிகிறது என்ற பத்திகள் கட்டாயம். தொடர்பு நிரூபிக்கப்படாத கூட்டங்களைத் தனி அட்டவணைக்குத் தள்ளுங்கள். நுண்துகள் தாதுவுக்குள் அளக்கத்தக்க இன்க்ளூஷனே கிடைக்கவில்லை, வெயினில் மட்டும்தான் கிடைத்தது என்றால், வெயின் நீரின் வெப்பநிலை என்றே தலைப்பிடுங்கள். தாது உருவான வெப்பநிலை என்று போடாதீர்கள்.